ஆறு போசிப் பருப்பும் கொஞ்சம் கைப்பக்குவமும்

“அதெல்லாம் கைப்பக்குவமுங்க.” கொங்கு நாட்டில் சமையல் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கே வந்து முட்டி நின்றுவிடும். ஒரே கடையில் வாங்கிய துவரம் பருப்பு, ஒரே அளவுத் தண்ணீர். அக்கா வைத்தால் கடையாமலே மசிகிறது, தங்கச்சி வைத்தால் பல்லில் இடறுகிறது. கேட்டால் கைப்பக்குவம். ஒரு வீட்டில் கச்சாயம் (வெளியூரில் அதிரசம் என்பார்கள்) மெத்தென்று வருகிறது, பக்கத்து வீட்டில் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து சட்டி முழுக்க மணலாய்ப் பரவுகிறது. அதுவும் கைப்பக்குவம். இந்தச் சொல்லில் ஒரு மரியாதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் “இதுக்கு மேல கேக்காத” என்று கதவைச் சாத்துகிற சத்தமும் அதில் இருக்கிறது. அந்தச் சத்தம்தான் ரொம்ப நாளாக உறுத்துகிறது.

கதவைத் திறக்க நல்ல வழி ஒன்று உண்டு. வேலை முடிந்த சாயங்காலத்தில் பெரியவர்கள் இருபது இருபத்தைந்து பேர் கூடி, ஏதாவது ஒரு பண்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு, இது ஏன் இப்படி ஆகிறது என்று கையால் செய்து பார்க்கிற கூட்டம். மேல்நாட்டில் இதற்குப் பழைய வம்சாவளி இருக்கிறது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விஞ்ஞானி பாரடே காலத்திலிருந்தே வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகள் நடக்கின்றன. அதே மேடையில் 1969 மார்ச் 14 அன்று, கடுங்குளிர் இயற்பியலில் பேர்பெற்ற நிக்கோலஸ் குர்த்தி சமையலறையைப் பற்றிப் பேசினார். வெள்ளிக் கிரகத்தின் வெப்பத்தை அளக்கத் தெரிந்த நமக்கு அடுப்பிலிருக்கும் பண்டத்தின் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். ஹார்வர்டில் 2010 முதல் சமையல்காரர்களும் விஞ்ஞானிகளும் ஒரே மேடையில் பேசும் பொதுச் சொற்பொழிவுகள் நடக்கின்றன. கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ இதைச் செய்ய மேடைகூட வேண்டாம். ஒரு சின்ன மண்டபமும் ஆறு அடுப்பும் போதும்.

புகையும் பத்தியமும்

இப்படிப்பட்ட சாயங்காலங்கள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் புகை. திரவ நைட்ரஜனை ஊற்றினால் மேசை மேலிருந்து வெள்ளைப் புகை வழியும், எல்லோரும் செல்போனைத் தூக்குவார்கள், ஐஸ்கிரீம் ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும். வீட்டுக்குப் போய் அவர்கள் செய்து பார்க்க அதில் என்ன இருக்கிறது? தவிர, அது −196 டிகிரிச் சரக்கு. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். ஏசி போட்டு ஜன்னல் அடைத்த அறையில் அது மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும். முழுதாக ஆவியாகுமுன் வாயில் போட்டால் குடலே ஓட்டையாகும். 2024 ஏப்ரலில் திரவ நைட்ரஜன் ஊற்றிய புகை பிஸ்கட் விவகாரம் கிளம்பியபோது தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டது சும்மா இல்லை.

இரண்டாவது கேடு பத்தியம். எந்தப் பண்டத்தை எடுத்தாலும் பத்தாவது நிமிடத்தில் ஒரு கை உயரும்: “ஏனுங்க, இது ஒடம்புக்கு நல்லதுங்களா?” சர்க்கரை, கொழுப்பு, மூட்டுவலி என்று அதிலிருந்து ஆறேழு கேள்வி கிளைக்கும். கேட்பவர்மேல் தப்பில்லை, நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் அந்தக் கவலைதான். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஒரு போசிப் பருப்பை (போசி என்றால் பாத்திரம்) வைத்து அதற்குப் பதில் சொல்லவே முடியாது, சொல்பவர் பெரும்பாலும் தெரிந்ததுபோல நடிப்பார். அந்தக் கேள்விகளை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒரு மருத்துவரைக் கூப்பிட்டுத் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்வது உத்தமம். இன்றைய கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். “ஏன் வேகவில்லை?” போன்ற கேள்வி.

தண்ணி மாத்தம்

கொங்கு நாட்டில் முதல் கூட்டம் போடுகிறவர் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கோயம்புத்தூரில் பொழங்குவதற்கு உப்புத் தண்ணி, குடிக்க நல்ல தண்ணி என்று வீட்டுக்கு வீடு இரண்டு குழாய் உண்டு. “உப்புத் தண்ணில பருப்பு வேகாதுங்க” என்பது கல்யாணமாகி வந்த புதுப்பெண்ணுக்கு மாமியார் சொல்லும் முதல் பாடங்களில் ஒன்று. ஏன் வேகாது என்று கேட்டால் உப்பு இருக்கிறதே என்பார்கள். அங்கேதான் தப்பு. சாப்பாட்டு உப்பு பருப்பை வேகவிடாமல் செய்வதில்லை. உப்புத் தண்ணி என்பது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர்த் தண்ணீர். அதில் கரைந்திருக்கிற கால்சியம் என்கிற சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும்தான் வில்லன்கள்.

பருப்பு என்பது கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகள் பசை போட்டு ஒட்டிய கட்டடம். அந்தப் பசைக்குப் பெக்டின் என்று பெயர். ஜாம் கெட்டிப்படுவதும் அதே பசையால்தான். கொதிக்கும் தண்ணீரில் பெக்டின் மெல்லக் கரையும், அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், நாம் அதை மசிவது என்கிறோம். தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது இரண்டு பெக்டின் இழைகளுக்கு நடுவே புகுந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். சென்ட்ரிங் கம்பிக்குக் கட்டுக்கம்பி போட்ட மாதிரி. அப்புறம் எத்தனை நேரம் கொதித்தாலும் கட்டு லேசில் அவிழாது. புளியும் தக்காளியும் வேறு வழியில் இதையே செய்கின்றன: புளிப்பில் பெக்டின் கரைவது மந்தப்படும். ஆப்பசோடா நேரெதிர், அதன் காரத்தன்மையில் (மிளகாய்க் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரானது) பெக்டின் இழையே துண்டு துண்டாக அறுந்துவிடும். பழைய பருப்பு வேகாததற்கும் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடக்கும்போது பருப்புக்குள் பூட்டி வைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டு மெல்லப் பெக்டினிடம் போய்ச் சேர்கின்றன. ஆக, கடைக்காரரைத் திட்டுமுன் டப்பாவில் எத்தனை மாதமாக இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு போசி

24 பேர், ஆறு மேசை, மேசைக்கு நான்கு பேர், மேசைக்கு ஒரு போசி. ஒவ்வொன்றிலும் ஒரே மூட்டையில் அள்ளிய 100 கிராம் துவரம் பருப்பு, 600 மில்லி தண்ணீர். முதல் போசியில் நல்ல தண்ணி. இரண்டில் போர்த் தண்ணி. மூன்றில் முன்கூட்டியே 15 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் தெளிவாக இறுத்த போர்த் தண்ணி. நான்கில் நல்ல தண்ணியோடு 10 கிராம் புளியின் கரைசல். ஐந்தில் நல்ல தண்ணியும் 2 கிராம் ஆப்பசோடாவும். ஆறில் போர்த் தண்ணியும் அதே 2 கிராம் ஆப்பசோடாவும். வீட்டில் போடும் சிட்டிகையைவிட இது மிக அதிகம், வித்தியாசம் பளிச்சென்று தெரியவேண்டுமே என்பதற்காக. புளியை 50 மில்லித் தண்ணீரில் கரைத்தால் அந்த 50ஐ மொத்த 600லிருந்து கழித்துக்கொள்ளவும்.

குக்கர் வேண்டாம். அழுத்தத்தில் 120 டிகிரியை ஒட்டி வேகும்போது வித்தியாசம் பாதி மறைந்துபோகும், தவிர விசில் என்பது கால அளவே இல்லை. அடுப்பு, வெயிட், வாஷர் மூன்றும் சேர்ந்து விசிலைத் தீர்மானிக்கின்றன. சாதா மூடி போட்ட போசிதான் சரி. மஞ்சள்தூளும் வேண்டாம். சோடா போட்ட போசியில் மஞ்சள் ஆரஞ்சாகித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும், பார்க்கிறவர்கள் வாயில் வைக்குமுன்பே முடிவு கட்டிவிடுவார்கள். தண்ணீர் வற்றினால் அதே வகைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்ற வேண்டும். போர்த் தண்ணிப் போசியில் பக்கத்து மேசைக்காரர் பரிதாபப்பட்டு நல்ல தண்ணி ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் கூத்து.

இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் இரண்டு விஷயம். அலுமினியப் போசி அதில் சூடாகாது, அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளவும். அடுத்தது கரண்ட். 2,000 வாட் அடுப்பு ஆறு சேர்ந்தால் 12,000 வாட், 230 வோல்ட்டில் 52 ஆம்பியர். ஒரே ஃபேஸில் போட்டால் மண்டபமே இருட்டாகிவிடும். மூன்று ஃபேஸ் இருந்தால் ஃபேஸுக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி 16 ஆம்பியர் பிளக். சாதா எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெட்டி உருகும். அப்புறம், விலை குறைந்த இண்டக்‌ஷன்கள் குறைந்த சூட்டில் விட்டுவிட்டு எரியும். அதனால் கடிகாரத்தை அடுப்பு போட்ட நேரத்திலிருந்து எண்ணாமல், அந்தந்தப் போசி தளதளவென்று கொதி வந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். மேசைக்கு ஒரு சாக்பீஸ், மேசையிலேயே நேரத்தை எழுதிவிட்டால் தகராறு இல்லை.

எத்தனை நிமிடம் என்பதைக் கூட்டத்துக்கு முன்னால் ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளவும். நல்ல தண்ணிப் பருப்பு சரியாக மசியத் தொடங்கும் நேரம்தான் நமக்கு வேண்டும். அது பருப்பைப் பொறுத்து 30லிருந்து 40 நிமிடம். அதற்கு மேல் விட்டால் எல்லாம் குழைந்து ஆறும் ஒன்றாகிவிடும், அதற்கு முன் இறக்கினால் எதுவும் வெந்திருக்காது.

போசி கொதிக்கும் நேரத்தில் சும்மா உட்கார வேண்டாம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, ஆறு போசிகளையும் வெந்ததிலிருந்து வேகாததுவரை வரிசைப்படுத்தி எழுதி, கையெழுத்துப் போட்டு மடித்து வைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் மூடி திறந்ததும் 24 பேரும் “எனக்கு அப்பவே தெரியும்” என்பார்கள். சீட்டெழுதும்போதுதான் கூட்டத்துக்கே உயிர் வரும். காய்ச்சினால் போர்த் தண்ணி சரியாகிவிடும் என்று ஒரு கட்சி, ஆகாது என்று ஒரு கட்சி. புளி போட்டதும் போர்த் தண்ணியும் எது மோசம் என்பதில் புருஷன் பெண்டாட்டியே ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள்.

மீதி நேரத்துக்குத் தண்ணீர் சோதனை. பலரும் டிடிஎஸ் மீட்டர் கொண்டுவருவார்கள், ஆர்ஓ மிஷின் வாங்கும்போது வந்ததாக இருக்கும். அது கரைந்த உப்பு மொத்தத்தையும் சேர்த்துச் சொல்லும், அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்கிற கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. இதை ஒரு நிமிடத்தில் காட்டலாம்: ஒரு லிட்டர் நல்ல தண்ணியில் அரை கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்து மீட்டரை நனைத்தால் எண் 500 போல எகிறும், ஆனால் கடினத்தன்மை கூடியிருக்காது, பருப்பும் வெந்துவிடும். கடினத்தன்மைக்குச் சோப்புதான் பழைய, நம்பகமான அளவுகோல். குளியல் சோப்பை ஒரு கிராம் சீவி 100 மில்லிச் சுடு ஆர்ஓ தண்ணீரில் கரைத்துக்கொள்ளவும். சோதிக்கும் தண்ணீர் 50 மில்லியைப் பாட்டிலில் ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், நுரை இரண்டு நிமிடம் அடங்காமல் நிற்கும்வரை எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. சொட்டு கூடினால் கடினத்தன்மை கூடுதல். ஷாம்புவோ பாத்திரம் விளக்கும் திரவமோ கூடாது, அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்தவை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

பிறகு மூடியைத் திறக்கும் நேரம். ஆறையும் ஒரே சமயத்தில் இறக்கி, உடனே வடித்து, எண் மட்டும் எழுதிய தட்டுகளில் கொட்டவும். வடிக்காமல் விட்டால் சூட்டிலேயே இன்னும் ஐந்து நிமிடம் வெந்துகொண்டிருக்கும். எந்தத் தட்டு எந்தத் தண்ணீர் என்று தெரியாத ஒருவர் ஒவ்வொரு தட்டிலும் கண்ணில் பட்ட 10 பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்த வேண்டும். மசிந்தது எத்தனை, நடுவில் கல்லாய் நெருடியது எத்தனை என்று பலகையில் எழுத வேண்டும். இந்த ஐந்து நிமிடம்தான் மொத்தச் சாயங்காலமும். சோடா போட்டது விரல் படுமுன்பே கூழாகும். புளி போட்டது தோல் உரித்த முத்து மாதிரி முழுசாக நிற்கும். போர்த் தண்ணிப் பருப்பு வெளியே வெந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் இரண்டாகப் பிளக்குமே தவிர மசியாது. காய்ச்சி இறுத்தது இடையில் எங்கோ நிற்கும். கொதிக்கும்போது கார்பனேட் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாகப் படிந்து போகிறது, சல்ஃபேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது படியாமல் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் போரில் எது அதிகமோ அதைப் பொறுத்து இரண்டு கட்சியில் ஒன்று ஜெயிக்கும். ஆறாவது போசியில் போர்த் தண்ணியையும் மீறி சோடா பருப்பை மசிய வைத்திருக்கும். கல்யாணச் சமையல்காரர்கள் சோடாவை ஏன் இடுப்பு மடிப்பிலேயே வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது விளங்கும். கூடவே சோப்பு வாடையும் அடிக்கும், பருப்பிலிருக்கும் பி1 உயிர்ச்சத்தும் காரத்தில் அழியும்.

பலகையில் எண்கள் ஏறிய பிறகு அந்த அக்கா தங்கச்சி கதைக்குத் திரும்பலாம். அக்கா வீடு நல்ல தண்ணி வரும் சிறுவாணி லைனில் இருக்கிறது. தங்கச்சியைக் கொடுத்த ஊரில் போர் மட்டும்தான். முப்பது வருஷமாக ஒருத்திக்குக் கைராசி என்றும் இன்னொருத்திக்குக் கைவரவில்லை என்றும் பேர். யாரும் ஒரு குடம் தண்ணீரை மாற்றிப் பார்க்கவில்லை.

தெர்மாமீட்டர் தோற்கும் இடம்

இத்தோடு கூட்டத்தை முடித்தால் அளவுகோல் ஜெயித்தது, கைப்பக்குவம் தோற்றது என்று ஆகிவிடும். அப்படி முடிப்பது நேர்மையில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கச்சாயப் பாகை எடுங்கள்.

இது பெரியவர்கள் கூட்டமாக இருக்க வேண்டியதற்கே பாகுதான் காரணம். 110 டிகிரி வெல்லப்பாகு தோலில் பட்டால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். மேசைக்கு ஒரு வாளிப் பச்சைத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் அடுப்பே பற்றவைக்க வேண்டும். வெல்லம் அரை கிலோ, தண்ணீர் 125 மில்லி. கரைந்ததும் துணியில் வடிகட்டவும், மணலும் கரும்புச் சக்கையும் வரும். அகலச் சட்டி வேண்டாம், குறுகலான ஆழப் போசியில் பாகு குறைந்தது 5 சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தெர்மாமீட்டர் முனை அடியைத் தொட்டுச் சட்டியின் சூட்டைச் சொல்லும்.

பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், சர்க்கரை அடர்த்தியாகும், அடர்ந்த கரைசல் இன்னும் கூடுதல் சூட்டில்தான் கொதிக்கும். ஆகவே பாகின் சூடு என்பது உண்மையில் பாகில் மிச்சமிருக்கும் தண்ணீரின் அளவு. சமையல் புத்தகங்களில் உருண்டைப் பதத்துக்கு 112 முதல் 116 டிகிரி என்று போட்டிருக்கும். 112இல் ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரை. ஆனால் அந்த எண்கள் கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்காக எழுதியவை. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். கோயம்புத்தூர் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீரே 98.6இல் கொதித்துவிடும். வால்பாறையில் 96.5ஐ ஒட்டி, ஊட்டியில் 92.5. சென்னைக்காரர் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு ஊட்டியில் 112 வரும்வரை பாகு காய்ச்சினால் அது உருண்டைப் பதத்தை எப்போதோ தாண்டிப்போயிருக்கும், அதில் செய்த கச்சாயத்தைச் சுவரில் ஆணியடிக்க வைத்துக்கொள்ளலாம். அங்கே 104.5இலேயே இறக்கியிருக்க வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெர்மாமீட்டர் என்ன சொல்கிறதென்று பார்த்து, 100க்கு எவ்வளவு குறைகிறதோ அதைப் புத்தக எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளவும். தெர்மாமீட்டரே கொஞ்சம் தப்பாக இருந்தாலும் இதில் சரியாகிவிடும்.

இப்போது ஆத்தா செய்வதைப் பாருங்கள். கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு சொட்டுப் பாகு. கரைந்தால் பதம் வரவில்லை. அடியில் தங்கி, விரலால் கூட்டினால் உருண்டு, எடுத்தால் துவண்டு நின்றால் இறக்கு. டங்கென்று சத்தம் கேட்டால் முறுக்குப் பதம், கச்சாயத்துக்குப் போச்சு. இந்தச் சோதனைக்கு எந்த ஊர் எந்த உயரம் என்ற கணக்கே தேவையில்லை, கோயம்புத்தூரிலும் ஊட்டியிலும் ஒரே பதில்தான். சூடு வழியாகச் சுற்றிவளைத்துத் தண்ணீரை அளக்கிறது தெர்மாமீட்டர். ஆத்தாவின் விரல் பாகின் இறுக்கத்தை நேராகவே தொட்டுப் பார்க்கிறது. இன்னொரு சங்கதி: வெல்லம் சுத்தச் சர்க்கரை கிடையாது. வெட்டிய கரும்பை நாள்கணக்கில் போட்டுவைத்து ஆட்டினாலோ, சாறு புளித்திருந்தாலோ, சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக மாறிவிடும். அந்த வெல்லம் கசியும், விரலில் பிசுபிசுக்கும், அதே டிகிரியில் அதே உருண்டை தராது. சித்தோடு மண்டியில் வெல்லத்தை விண்டு, முறிகிற விதத்தைப் பார்த்து விலை பேசுகிறவர்களுக்கு இது தெரியும். தெர்மாமீட்டருக்குத் தெரியாது.

இதைக் காட்ட ஆறு மேசைக்கும் தெர்மாமீட்டர் கொடுத்து, மூன்று மேசைகளை எண்ணை மட்டும் பார்த்தும், மூன்றை விரலை மட்டும் நம்பியும் இறக்கச் சொல்லவும். விரல் மேசைகளில் தெர்மாமீட்டர் முகத்தில் துணி சுற்றி வைத்து, இறக்கிய கணத்தில் அவிழ்த்துக் குறித்துக்கொள்ளலாம். மாவு எல்லோருக்கும் ஒன்றே: இரண்டு மணி நேரம் ஊறிய பச்சரிசியை வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்தது, பிடித்தால் பிடிபட வேண்டும். காய்ந்த கடை மாவில் பாகை ஊற்றினால் மாவு பாகின் தண்ணீரைக் குடித்துவிடும், பதம் பார்த்ததற்கு அர்த்தமே இல்லை. பிசைந்த மாவு ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்பதால் கச்சாயம் அன்றைக்கே சாப்பிடக் கிடைக்காது. முந்தின நாள் பிசைந்த மாவை வேறாக வைத்துச் சுட்டுக் கொடுக்கலாம். இளம்பாகில் பிசைந்தது எண்ணெயில் பிரிவதையும் அந்த மாவிலேயே வேண்டுமென்றே ஒரு ஈடு செய்து காட்டலாம். பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இட்லி மாவை எடுக்கலாமா என்று கேட்பார்கள். கோயம்புத்தூர் 1955இல் ப. சபாபதி வெட் கிரைண்டரைச் செய்த ஊர், அதற்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர், ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் மாவு புளிக்காது. முந்தின இரவு, அன்று காலை, அன்று மத்தியானம் என்று மூன்று வேளை ஆட்டி நேர்ச்சுவர்க் கண்ணாடித் தம்ளர்களில் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து, புளிப்பை நிறத்தால் காட்டும் பிஹெச் தாளை நனைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதோடு அது நிற்கும். பார்க்க அழகு, செய்ய ஒன்றுமில்லை. ஈரோட்டு மஞ்சளை வைத்து ஆரத்தி ஏன் சிவக்கிறது என்று காட்டுவது பத்து நிமிட வேலை. சுண்ணாம்பின் காரத்தில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நிறம் மாறுகிறது, சட்டையில் விழுந்த சாம்பார்க் கறை சோப்பு பட்டதும் சிவப்பதும் அதே கதை. கறையை வெயிலில் காயப்போட்டால் வெளுக்கும் என்பதையும் சொல்லி அனுப்பினால் வந்ததற்கு லாபம்.

மூன்று டம்ளர்

24 பேர் என்ற கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. சிறுவாணித் தண்ணி ருசியே தனி என்று கோயம்புத்தூர்க்காரர் சத்தியம் செய்வார். அதைச் சோதிக்க மூன்று டம்ளர் வேண்டும். இரண்டில் ஒரே தண்ணி, ஒன்றில் வேறு. எது வேறு என்று மட்டும் கேட்க வேண்டும். எது பிடித்தது, எது சிறுவாணி என்றெல்லாம் கேட்கக் கூடாது. சிறுவாணி, கேன் தண்ணி இரண்டையும் வைத்து டம்ளர்களை அடுக்க ஆறு வரிசைகள் உண்டு, 24 பேர் என்றால் வரிசைக்கு நான்கு பேர் என்று சமமாக அமையும். டம்ளரில் அ, ஆ என்று எழுதினால் முதல் எழுத்துக்கு மனசு சாயும், 417, 862 என்று தலையும் வாலும் இல்லாத மூன்றிலக்க எண் எழுதவும். இரண்டு தண்ணியும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், ஜில்லென்று இருந்தால் எல்லாத் தண்ணியும் ருசிதான். குழாய்த் தண்ணியில் குளோரின் வாடை இருந்தால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே இரண்டையும் கொதிக்கவைத்து ஆற்றி, ஒரே மாதிரிப் பாத்திரத்தில் வைத்திருந்து பரிமாறவும்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 24இல் 8 பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 9, 10 வந்தால் அதிர்ஷ்டக் கணக்கில் சேரும். 13 பேராவது சரியாகப் பிடித்தால்தான் இரண்டு தண்ணிக்கும் நாக்குக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்கிறதென்று சொல்லலாம். இந்த 13 என்ற எண்ணைத் தண்ணி ஊற்றுவதற்கு முன்பே பலகையில் பெரிதாக எழுதிவிடவும். 12 வந்தபிறகு “ஒண்ணுதானுங்க கொறச்சல்” என்று பேரம் பேச ஆள் இருக்கும்.

மிஞ்சிய பருப்பைக் கொட்ட வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்றாம் போசிகளைச் சேர்த்துக் கடைந்து பூண்டும் சீரகமும் தாளித்தால் வந்தவர்களுக்குச் சோறோடு போதும். புளி போட்டதை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவதையும் ஆறாவதையும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் வாயில் வைத்துப் பார்க்கக் கொடுத்துவிட்டு மீதியை உரக்குழியில் போடுங்கள்.